கன்னிமார் இழுத்த கார்

எனக்கு எழுபத்தைந்து நடக்கிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. பெற்றதைவிட வளர்த்தது எப்படி அதிகமாயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. என் கொழுந்தன் மக்கள் இருவர், அவர்களுக்கெல்லாம் முன்னால் என் கூடப்பிறந்த தம்பி ஒருவன். அவனை இடுப்பில் தூக்கிவைத்தபோது எனக்கே ஏழு முடிந்து எட்டு. கட்டின பாவாடை இடுப்பில் நிற்காத வயசு. ஏழு பேரும் இன்று காலூன்றி நிற்கிறார்கள். இரண்டு பேருக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி இருக்கிறது. யார் வாசலிலும் போய் ஒரு படி அரிசிக்கு நான் நின்றதில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் என்னைப் பாவம் என்று சொல்லக் கூடாது.

போன மாசம் பேரன் என்னைக் காங்கேயத்தில் ஒரு வளைகாப்புக்குக் காரில் அழைத்துப் போனான். திருப்பூர்ப் புகையையும் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வேன்களையும் தாண்டி, ரோடு கொஞ்சம் ஓய்ந்த இடத்துக்கு வந்தோம். அங்கே வந்ததும் கார் இடது பக்கம் சாய்வதும், அவன் ஸ்டீரிங்கை வலது பக்கம் பிடித்துக்கொள்வதுமாக இருந்தது. அவனுக்குக் கோபம்.

"முந்தாநேத்துத்தானுங் அப்பாயி அலைன்மெண்ட் பண்ணுனேன். நாலு சக்கரத்துலயும் என்னமோ மாட்டி, கம்ப்யூட்டர்ல பாத்து, எல்லாம் பச்சை காட்டுது போங்கண்ணான்னான். இப்பப் பாருங், மறுக்காவும் எடதால இழுக்குது."

ஓரமாக நிறுத்தி அந்தக் கடைக்காரனுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை ஏசினான். ஏசிக்கொண்டே இருந்தவன் பேச்சைக் குறைத்தான், அப்புறம் சிரித்துவிட்டான். என்னடா சிரிப்பு என்று கேட்டேன்.

"ரோடுதானுங் அப்பாயி. நடுவுல மேடாத்தான் போடுவாங்களாமா, மழைத்தண்ணி ரெண்டு பக்கமும் வழியோணுமல்லோ. நாம எடது பக்கம் போறம், அதனால எடதாலயே சாயுது. இந்தளவுக்கு எந்தக் காரா இருந்தாலும் இழுக்குமாமா. கார் மேல குத்தமே இல்லீங்."

நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டேன். அவன் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். வெயிலுக்கு மயக்கம் என்று நினைத்துக்கொண்டான். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வளைகாப்புக்கு நாங்கள் போகவில்லை.

கார் மேல் குத்தம் இல்லை என்ற பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். தொண்டை கிழியக் கத்திச் சொன்னவர் என் மாமன். என் அம்மாவின் தம்பி. அவரை யாரும் நம்பவில்லை. இப்போது பேரன் சிரித்துக்கொண்டே சொல்கிறான், ஊரே நம்புகிறது. நம்பி யாருக்கு என்ன ஆகப்போகிறது.

மாமன் திருப்பூரில் சின்னதாகப் பனியன் துணி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகாதவர், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் மற்றவர்கள் தோட்டம் வாங்குவார்கள், இவர் ஒரு பழைய கறுப்புக் கார் வாங்கினார். எங்கள் ஊர் காங்கேயம் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்த ரோட்டுக்கு அப்போதுதான் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். ஆமை முதுகு மாதிரி நடுவில் எடுத்துவைத்த ரோடு. மழை பெய்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடிப் பள்ளத்தில் விழும். அதில் நாங்கள் காகிதக் கப்பல் விடுவோம். ரோடு ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. எருமை ஏன் கறுப்பு என்று யார் யோசிக்கிறார்கள்?

அந்தக் கார் இடது பக்கம் இழுத்தது.

எங்கள் ஊரில் அன்றைக்கு வாகனம் என்றால் மாடுதான். மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். பிறகு சுழி பார்ப்பார். நெற்றியில் இந்த இடத்தில் சுழி இருந்தால் குடும்பத்துக்கு ஆகும், முதுகில் அந்த இடத்தில் இருந்தால் ஆகாது. மாமன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் ஊர்ப் பெரியவர்கள் அதையும் சுற்றிச் சுற்றி வந்து சுழிதான் தேடினார்கள். ஒருவர் குனிந்து அடிவயிற்றைக்கூடப் பார்த்தார்.

"ஏனப்பா, எடதால இழுக்குதாமே? எடத்து மாடு நோஞ்சானா இருந்தாத்தான் வண்டி அப்படி இழுக்கும். இதுல மாட்டையே காணமே?"

"மாடு உள்ளார இருக்குதுங் பெரியப்பா. மூடி வெச்சிருக்குது. தொறந்தா முட்டும்" என்றார் மாமன்.

அப்படிப்பட்ட ஆள் அவர். எதற்கும் ஒரு பதில் இருக்கும். இருந்தாலும் அவருக்கும் மனசுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். திருப்பூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டார். அங்கே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்து, எதையோ முறுக்கி, எதையோ தட்டிச் சரிசெய்து கொடுத்தார்களாம். பனியன் கம்பெனிக்காரன் காருக்கு நூலுக்கா பஞ்சம் என்று அம்மா கேலி பண்ணினாள். அதற்குப் பிறகு மாமன் அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு அரிசி மில்லுக்குப் போனார். நெல் காயப்போடும் சிமெண்டுக் களம், தட்டு மாதிரி சமமாக இருக்கும். அதில் காரை ஓட்டி ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தார். கார் கோடு போட்டது மாதிரி நேராகப் போனது. காக்கைகள் இரண்டு பக்கமும் எழும்பிப் பறந்தன.

"பாத்தியாக்கா? கார்ல ஒண்ணுமில்ல. ரோடுதான் சாஞ்சு கெடக்குது" என்றார்.

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருந்தால் தேவலாம். அவர் விளையாட்டுக்காரர், விடவில்லை.

எங்கள் ஊர் தாண்டிக் காங்கேயம் போகிற வழியில் இடது கைப்பக்கம் கன்னிமார் கோயில். கோயில் என்றால் ஏழு கல், ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். அந்த இடத்தில் ரோடு மற்ற இடத்தைவிடச் சாய்வு. மாமன் அங்கே வரும்போது காரை மெதுவாக்கி, ஸ்டீரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடி இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுவார். கார் தானாக இடது பக்கம் வழுக்கிக்கொண்டு போய்க் கன்னிமாருக்கு நேராக நிற்கும். ஆடாமல் அசையாமல் காலால் பிரேக்கை அமுக்கியிருப்பார், அது யார் கண்ணுக்குத் தெரிகிறது? ஏறியிருக்கும் பெண்பிள்ளைகள் "அய்யோ சாமி" என்று கத்துவார்கள்.

"நான் என்னங் பண்றது? தாயிங்க கூப்புடுறாங்க. கும்பிடாமப் போக உடமாட்டாங்க" என்பார்.

வரும்போது கன்னிமார் வலது பக்கம் இருக்கிறார்களே, அப்போதும் கார் இடது பக்கம்தானே போகிறது என்று பக்கத்து வீட்டு ஆயா ஒருத்தி கேட்டாள். மாமன் யோசிக்கவே இல்லை. "வாரப்ப, போய்ட்டு வாடா மகனேன்னு தள்ளி உடறாங்க ஆயா" என்றார். ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் காரின் முன்பக்கத்துக்கு யாரோ மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். ஆடி மாசத்துக்குள் அந்தக் காரின் பேச்சு மூலனூர்ச் சந்தை வரைக்கும் போய்விட்டது.

அம்மா மட்டும் பின்சீட்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "சாமி பேரைச் சொல்லி வெளையாடாதடா, கெரகத்தை வெலைக்கு வாங்காத" என்பாள். அதுவும் பாதிச் சிரிப்போடுதான்.

எங்கள் வீட்டை நடத்தியது அப்பா இல்லை. அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை. சின்ன வயசில் தாலி அறுத்து வந்தவள். என் அப்பாவை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அப்பா அவள் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அத்தைக்கு ஒரு மகள் இருந்தாளாம். நிறைமாதத்தில் உச்சிப்பொழுதில் கன்னிமார் கோயில் வழியாக வண்டியில் போனவள், வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம். அதனால் பிள்ளைத்தாய்ச்சி யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். கார் கன்னிமாரிடம் தானாகப் போய் நிற்கிறது என்று கேள்விப்பட்டபோது ஊரில் எல்லோரும் சிரித்தார்கள், கும்பிட்டார்கள், வேடிக்கை பேசினார்கள். அத்தை மட்டும் எழுந்து உள்ளே போனாள். அதை நான் பார்த்தேன். பார்த்து என்ன?

அம்மா நிறைமாதமாக இருந்தாள். தம்பிக்கு இரண்டு வயசுகூட ஆகவில்லை. சமயத்துக்கு ஆகட்டும் என்று மாமன் முதல்நாளே காரைக் கொண்டுவந்து எங்கள் வாசல் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டார். விடியும்போது அம்மாவுக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்து பார்த்தாள். வெயில் ஏறும்வரை உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கொழந்தை குறுக்கால கெடக்குதுங். என் கைக்கு அடங்காதுங். காங்கேயத்துல டாக்டரம்மா கிட்டக் கொண்டுபோயிருங், வெரசாப் போயிருங்."

மாமன் கம்பி போட்டு முறுக்கிக் காரைக் கிளப்பி வைத்தார். அப்பா அம்மாவைத் தூக்கப் போனார். அத்தை நிலைவாசலில் கையைக் குறுக்கே வைத்தாள்.

"அந்தக் கார்லயா? கன்னிமார் முன்னால கொண்டுபோய் நிறுத்தறதுக்கா?"

மாமனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் செத்துவிட்டது. "நங்கையா, அது வெளையாட்டுங். நாந்தானுங் பிரேக்கைப் புடிச்சு நிறுத்துவேன். சத்தியமாச் சொல்றேன்" என்றார். புருஷனின் அக்காளை அம்மா நங்கை என்பாள். அவரும் அப்படியே கூப்பிடுவார்.

"அப்ப எடதால இழுக்கறதும் நீதானா?"

"அது ரோடுங். நடுவுல மேடு, ஓரத்துல பள்ளம். தண்ணி எப்படி ஓரத்துக்கு ஓடுதோ அப்படித்தானுங் காரும். கார் மேல குத்தமே இல்லீங். போறப்பவும் எடதாலதான் இழுக்குது, வாரப்பவும் எடதாலதான் இழுக்குது. கன்னிமார் ரெண்டு பக்கமுமா இருக்குறாங்க?"

"இருப்பாங்கப்பா" என்றாள் அத்தை. "நீ மறந்துட்டியா? வாரப்பத் தள்ளி உடறாங்கன்னு சொன்னவன் நீதான்."

மாமன் என்னைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். "கண்ணு, நீ சொல்லு. அரிசி மில்லு களத்துல கையை உட்டப்ப கார் எப்படிப் போச்சு?"

"நேராப் போச்சுங் மாமா" என்றேன்.

"கேட்டுக்குங் நங்கையா. கொழந்தை சொல்லுது."

"அங்க கன்னிமார் இல்ல" என்றாள் அத்தை. "அதான் நேராப் போச்சு."

எதற்கும் பதில் வைத்திருக்கிறவர் வாயைத் திறந்துகொண்டு நின்றார். அப்பா ஒரு தடவை மாமனைப் பார்த்தார், ஒரு தடவை அத்தையைப் பார்த்தார். கார் உறுமிக்கொண்டே நின்றது. உள்ளே அம்மா கத்தினாள். அப்பா தன் அக்காவிடம், "நீயே சொல்லுக்கா" என்றார்.

அத்தை கெட்டவள் இல்லை. இதை நான் எழுதியே ஆக வேண்டும். அன்று காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடவில்லை. அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தவள் அவள்தான். அவளுக்கு அம்மா பிழைக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டும். "நான் சொல்லலப்பா. அம்மன் சொல்லட்டும். பூக் கேக்கலாம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் எந்த முடிவுக்கும் பூக் கேட்பது வழக்கம். பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா, எல்லாம் பூதான். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் வெளியே தெரியாமல் மடித்து, அம்மன் காலடியில் வைப்பார்கள். கள்ளம் அறியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நினைத்ததைச் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். வந்ததை மீறி நடந்தவர்கள் எங்கள் ஊரில் கிடையாது.

தம்பி பேசவே தெரியாத பிள்ளை. அதனால் என்னைப் பிடித்தார்கள். கிணற்றடியில் ஒரு குடத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார்கள். ஈரப் பாவாடை காலைத் தட்ட மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். பின்னால் அத்தையும் அப்பாவும் ஊரில் பாதிப் பேரும் வந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. நோம்பி, திருவிழா நாளில்கூட என்னை அம்மனுக்கு அவ்வளவு கிட்டத்தில் விட்டதில்லை. பூசாரி பூவரச இலையில் மடித்த இரண்டு பொட்டலங்களைக் குலுக்கி வைத்தார். ஒன்று கிட்டத்தில் இருந்தது, ஒன்று சற்று எட்டத்தில்.

நான் கிட்டத்தில் இருந்ததை எடுத்தேன்.

எட்டத்தில் இருந்ததை எடுத்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். அந்தச் சாணைப் பற்றி நான் அறுபது வருஷத்துக்கு மேலாக நினைக்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன். என் கைமேல் எனக்குக் கோபம் கிடையாது. அந்தக் கைதான் ஏழு பேருக்குச் சோறு பிசைந்தது. ஓர் உயிரைக் கொண்டுபோய் ஏழு வயசுப் பிள்ளையின் கையில் வைக்கிறார்களே, அதுதான் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

பூசாரி பிரித்தார். செவ்வரளி. நல்ல ரத்தச் சிவப்பு, அன்று காலையில் பறித்தது. அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "எந் தங்கம், அம்மன் உன் கையில வந்து சொல்லிட்டா" என்று அழுதாள். அவளுக்கு நிம்மதி. எனக்கு நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு. வீட்டுக்கு ஓடிவந்து எல்லோருக்கும் முன்னால் மாமனிடம் நான்தான் சொன்னேன்: "செவப்புங் மாமா! நான் எடுத்தனுங்!"

மாமன் காரை அணைத்தார். அவ்வளவு நேரம் உறுமிக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் வீடு என்னமோபோல் ஆகிவிட்டது.

கடைசியாக அம்மாவிடம் போனார். ஜன்னல் வழியாக, "அக்கா, நீ ஒரு வார்த்தை சொல்லுக்கா. நீ சொன்னாத் தூக்கிட்டுப் போயிர்றேன், யாரு தடுத்தாலும் செரி" என்றார். அம்மாவுக்குப் பேச மூச்சு வரவில்லை. "எதுல போனாலும் செரிடா. வெரசாப் போனாப் போதும்" என்றாள். அவள் யாரையும் எதிர்த்துப் பழகாதவள். அதை வண்டிக்குச் சம்மதம் என்று அத்தை எடுத்துக்கொண்டாள்.

மாமன் ஒருவரிடமும் ஒரு பேச்சுப் பேசாமல் காரில் ஏறிப் புழுதி கிளம்பப் போய்விட்டார். "ரோசம் வந்துருச்சு. கோவிச்சுட்டுப் போறான், போகட்டும்" என்றாள் அத்தை. கோபித்துக்கொண்டு போகவில்லை; காங்கேயத்துக்கு ஆள் கூட்டிவரப் போனார். அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இவர்கள் வீட்டிலேயே காத்திருந்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை. இவர்கள் கேட்கவில்லை.

வண்டி கட்டினார்கள். ரோட்டில் போனால் கன்னிமார் வருகிறார்கள் என்று இட்டேரி வழியாக ஓட்டச் சொன்னாள் அத்தை. இட்டேரி என்பது தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டித்தடம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, கல்லும் குழியுமாகச் சுற்றிச் சுற்றிப் போய்க் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஏறும். நடந்து போகிறவனே வண்டிக்கு முன்னால் போய்விடுவான். வைக்கோலைப் பரப்பி அம்மாவைக் கிடத்தினார்கள். மருத்துவச்சியும் அத்தையும் கூட ஏறினார்கள். அப்பா மாட்டின் பக்கத்தில் நடந்தார். என்னிடம் தம்பியைப் பார்த்துக்கொள் என்று சொன்னது அம்மாவா அத்தையா என்று இப்போது நினைவில்லை. யாரோ சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டேன்.

உச்சிக்குக் கார் திரும்பி வந்தது. முன்சீட்டில் வெள்ளைச் சேலை கட்டிய நர்சம்மா ஒருத்தி, மடியில் தோல் பை. "எங்க கண்ணு எல்லாரும்?" என்றார் மாமன். "இட்டேரியில போய்ட்டாங்கங்" என்றேன். அவர் இட்டேரி வாய்வரை காரை ஓட்டிப் பார்த்தார்; நானும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். முன் சக்கரம் முதல் குழியில் இறங்கியதுமே அடி தட்டியது, அதற்கு மேல் போகவில்லை. நர்சம்மாவை இறக்கிக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே ஓடினார். அந்த அம்மாளின் செருப்பு ஒன்று கழன்று தடத்திலேயே கிடந்தது. நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் திரும்பி வரும்போது கொடுக்கலாம் என்று.

மாமன் மட்டும் முதலில் திரும்பி வந்தார். ஓடவில்லை, நடந்து வந்தார். காரில் ஏறக் கால்வைக்கும் பக்கப் பலகையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். ஆம்பிளை ஒருவர் அப்படித் தோள் குலுங்கி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. நான் தம்பியை இறக்கிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் எதற்காக அழுகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். அத்தனை ஆசையாக வாங்கிய கார். அத்தனை தூரம் கொண்டுவந்து நிறுத்தினார். அதில் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் வண்டியில் போய்விட்டார்களே, அந்த வருத்தம்.

"அழுவாதீங் மாமா" என்றேன். "நான் ஏறிக்கறனுங்."

அவர் கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு எழுந்து கதவைத் திறந்துவிட்டார். என்னைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார். தம்பியையும் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

அப்போதுதான் இட்டேரிக்குள்ளிருந்து வண்டி வந்தது. போன வேகத்தைவிட மெதுவாக வந்தது. அப்பா மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நடந்தார். நர்சம்மா ஒரு காலில் செருப்பில்லாமல் பின்னால் வந்தாள். அத்தை வண்டிக்குள் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா படுத்திருந்தது மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. நான் காருக்குள் உட்கார்ந்திருப்பதை அம்மா பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கதவுக்கு வெளியே கறுப்பு ரப்பர் பந்து வைத்த ஹாரன் இருந்தது. கையை நீட்டி அதை அமுக்கினேன். எல்லோரும் தலையைத் தூக்கிக் காரைப் பார்த்தார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. நான் இரண்டு கையாலும் பிடித்து இன்னும் பலமாக அமுக்கினேன். பக்கத்தில் தம்பி கைதட்டிச் சிரித்தான். நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஒருவரும் வந்து என் கையைப் பிடிக்கவில்லை, ஒருவரும் ஒரு அதட்டுப் போடவில்லை. ஏன் என்னை இன்றைக்கு மட்டும் யாரும் திட்டவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.

இந்தா பேராண்டி கண்ணு, எழுதியாயிற்று. ஒருக்கா சத்தமாகப் படித்துக் காட்டு, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். அழுதுகொண்டு படிப்பதாக இருந்தால் வேண்டாம், மடித்து வைத்துவிடு. நாளைக்குப் படித்துக்கொள்ளலாம்.